கட்டிலிலிருந்து கீறிய வீடு

கச்சான் காற்று வீசிய ஒரு முற்பகலில்தான் றஹ்மா தனிவீடு கட்டுவதென்று முடிவெடுத்தாள். அதுவரை அவளும் கணவன் நஸ்ரியும் மகள் மின்ஹாவும் கிண்ணியாவில் உம்மாவின் வீட்டிலேயே குடியிருந்தார்கள். நஸ்ரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டில் இருந்த இரண்டு அறைகளிலும் கட்டிலைத் திருப்ப இடமில்லாததால் முன் ஹோலின் ஒரு மூலையில் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, பூப்போட்ட பழைய சேலையொன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அன்று றஹ்மா அவனைக் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த நேரம், உம்மாவைப் பார்க்கவென்று அயலிலிருந்து சில பெண்கள் வந்து ஹோலில் உட்கார்ந்தார்கள். திரைக்கு உள்ளே இருந்த இருவரும் சத்தம் காட்டவில்லை. கதவால் புகுந்த காற்று சேலையைத் தூக்கிக் கயிற்றின் மேல் சுருட்டிப் போட்டது. பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்புவதற்குள் பார்த்தும் விட்டார்கள். நஸ்ரி இரண்டு கைகளாலும் முகத்தை மூடினான். மறைக்கவேண்டிய இடம் வேறு. அவனுடைய கைக்கு எட்டியது முகம் மட்டும்தான்.

பகற்சோற்றை அவன் தொடவில்லை. பின்னேரம் மின்ஹா பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்ல வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். றஹ்மா சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அங்கே அடுப்படியில் நின்று உம்மாவிடம் சொன்னாள்.

"நீங்க எனக்கெண்டு எழுதின வளவுல ஒரு வீடு போடப் போறன் உம்மா. சின்னதாச் சரி."

உம்மா விறகை உள்ளே தள்ளினார். "போடு மகள். நானும் அதத்தான் நெனச்சிட்டு இருந்தன்" என்றார்.

பிறர் கண்ணுக்கு நடுவில் வாழ்வது றஹ்மாவுக்குப் புதிதல்ல. சுனாமி வந்தபோது அவள் சிறுமி. கடல் அவர்களுடைய வீட்டையும் வாப்பாவையும் கொண்டுபோனது. மிச்சமிருந்த மூன்று பேரும், உம்மாவும் அவளுக்கு மூத்த காக்கா ஹஸ்மியும் அவளும், சில வருடங்கள் முகாமில் தகரக் கொட்டிலொன்றில் இருந்தார்கள். ஒரு கொட்டிலில் யாராவது தும்மினால் அடுத்த கொட்டிலிலிருந்து அதற்கு துஆ வரும். பெண்பிள்ளைகள் வளர வளர, தகரத்தில் இருந்த ஆணித் துளைகளைத் தாய்மார் சவர்க்காரத் துண்டு வைத்து அடைத்தார்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறந்தால் ஊர் முழுக்க உள்ளே வந்துவிடும். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு, வேகிற தகரத்தின் கீழ் இருட்டில் உட்கார்ந்து அவள் பெண்பிள்ளையாக வளர்ந்தாள். பிறகு உதவி நிறுவனமொன்று கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்த பின்னும் உம்மா யன்னல்களைத் திறக்கப் பழகவில்லை. வெளிச்சம் இருக்கிற இடத்தில் மானம் இருக்காது என்று யாரும் றஹ்மாவுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அப்படித்தான் அவள் மனதில் பதிந்திருந்தது.

நஸ்ரி அதற்கு நேர்மாறானவன். சங்கு குளிக்கப் போகிறவன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கொட்டியாரக்குடாவுக்கு வெளியே ஆழத்தில் இறங்கி, சங்கும் கடலட்டையும் பொறுக்கி வருவான். கலியாணம் முடித்து வந்த புதிதில் வீட்டுக்குள் அவனால் உட்காரவே முடியாது. சோற்றைக்கூட வாசற்படியில் இருந்துதான் தின்பான். வெயிலில் கறுத்து, தோளில் உப்புப் பூத்திருக்கும். றஹ்மா தையல் மெசினோடு உள்ளே இருப்பாள். அவன் வெளியே இருந்து கதை சொல்வான். அப்படி ஆறேழு வருடம் நல்லபடியாகத்தான் போனது.

ஒருநாள் கடைசிச் சிலிண்டரையும் முடித்துக்கொண்டு அவசரமாக மேலே வந்தவன், வள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததும் கால் விறைக்கிறது என்றிருக்கிறான். ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிவிடும் என்பது கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடக்கிறதுதான். கரைக்கு வந்து சேர்ந்தபோது அவனைத் தூக்கித்தான் இறக்கினார்கள். உரிய சிகிச்சைக்குக் கொண்டுபோவதற்குள் பிந்திப் போனது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, வீல்செயார் ஒன்றோடு வீட்டுக்கு வந்தான். அன்றிலிருந்து ஹோல் மூலைதான் அவனுடைய உலகம். கறுத்திருந்த உடம்பு கொஞ்சங் கொஞ்சமாக வெளிறியது. முதுகில் படுக்கைப்புண் வந்தது. புண்ணைச் சுத்தம் செய்ய வந்த தாதி, "இவருக்கு வெயிலும் காற்றும் படவேணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனார். வெயில் விழுகிற இடமெல்லாம் ஆள் நடமாடுகிற இடமாக இருந்தது.

வீட்டுக்குப் படம் கீறுவதற்குத் திருகோணமலை நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் தர்சிகா. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். நகரத்தில் வீட்டுப்படம் கீறிக்கொடுக்கும் அலுவலகமொன்றில் வேலை. ஸ்கூட்டரில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வந்து, அளவு நாடாவைப் பிடித்து வெறுங்காணியாகக் கிடந்த வளவை அளந்தாள். வளவுக்குக் கிழக்கே தெரு. வடக்கே ஒரு மாடிவீடு. அதன் மேல்மாடி யன்னல்கள் அப்படியே வளவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தன. தெற்கே உம்மாவின் தங்கைக்குச் சொந்தமான தென்னங்காணி. மேற்கே வேலிக்கு அப்பால் இன்னொரு குடும்பத்தின் குசினிப் பக்கம்.

"முதல்ல என்ன வேணும் அக்கா உங்களுக்கு?" என்று தர்சிகா கேட்டாள்.

"அவர ஆரும் பாக்கக் கூடாது. அது மட்டும் சரியா வந்தாப் போதும். மத்ததெல்லாம் நீங்க போடுற மாதிரிப் போடுங்க."

தர்சிகா கேட்டபடியே செய்தாள். வீட்டின் பின்புறத்தில், மேற்குப் பக்கமாக, ஓர் அறை. அதோடு ஒட்டிய குளியலறை. ஹோலில் இருந்து நேரே போக வழியில்லை. குசினியைத் தாண்டித்தான் போகவேண்டும். வருகிறவர்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால், அப்படியொரு ஆள் வீட்டில் இருப்பதே தெரியாது. படத்தைப் பார்த்தபோது றஹ்மாவின் மனது ஆறியது.

அன்று பின்னேரமே அதைக் கொண்டுவந்து நஸ்ரியின் நெஞ்சின்மேல் விரித்தாள். அவன் விரலால் கோடுகளைத் தொட்டுப் பார்த்தான்.

"இது எது?"

"உங்கட அறை."

"இதுக்கு அங்கால?"

"வேலி."

"தெரு எந்தப் பக்கம்?"

அவள் காட்டினாள். அவன் விரல் அறையிலிருந்து தெருவரைக்கும் மெல்லப் போய்த் திரும்பி வந்தது. பிறகு தாளை மடித்து அவளிடமே கொடுத்தான்.

"ஏன், சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறியிரிக்கா அந்தப் புள்ள."

"பின்ன?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "ஆர் வாறாங்க எண்டு எனக்குத் தெரியாது. நான் கிடக்கிறன் எண்டு அவங்களுக்கும் தெரியாது. அப்படித்தானே?"

"அதுதானே உங்களுக்கு வேணும்? அண்டைக்கு அந்தப் பொம்புளையள் பாத்ததுக்குத்தானே சோறு தின்னாமக் கிடந்தீங்க?"

"கழுவக்குள்ள ஒருத்தரும் பாக்கக் கூடாது, றஹ்மா. கழுவி முடிஞ்ச பிறகு நான் மனுசன்தானே."

றஹ்மா மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை காலமும் அவனை ஒளித்து வைப்பதைத்தான் அவனுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருந்தாள். அவனுக்காகத்தான் நினைத்தாளா, தன்னுடைய கூச்சத்துக்காக நினைத்தாளா என்று அப்போது அவளுக்கே சந்தேகம் வந்தது.

"என்னை ஒருக்கா வளவுக்குக் கொண்டு போங்க" என்றான் நஸ்ரி. "எந்த இடத்துல கிடக்கப் போறன் எண்டு நான் பாக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹஸ்மி ஓட்டோவொன்றைக் கொண்டுவந்தான். போர்வையின் நான்கு மூலைகளையும் பிடித்து நஸ்ரியைத் தூக்கி ஏற்றினார்கள். வளவில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டு அவனைப் படுக்க வைத்தபோது வெயில் அப்போதுதான் தெருப்பக்கத்து முருங்கைகளுக்கு மேலே ஏறியிருந்தது. விசயத்தைக் கேள்விப்பட்டுத் தர்சிகாவும் வந்திருந்தாள். தான் கீறியது வீணாகப் போகிறதே என்று அவள் முகம் சுழிக்கவில்லை. புதுத் தாளொன்றைப் பலகையில் பொருத்திக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

முதலில் கட்டிலைப் பின்புறம், பழைய படத்தில் அறை இருந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே வேலியும் பக்கத்து வீட்டுக் குசினிச் சுவரும்தான். நஸ்ரி கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுத் தலையை ஆட்டினான். பிறகு முன்பக்கம் கொண்டுவந்தார்கள். தென்கிழக்கு மூலையில் வைத்தபோது அவன் "நில்லுங்க" என்றான். இளவெயில் அவனுடைய இடது கையில் விழுந்து, மெல்ல நெஞ்சுக்கு வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். றஹ்மா தெருவையும் அவனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். பிடித்து மறைக்க ஒரு துணி கிடைக்குமா என்று அவள் சுற்றுமுற்றும் தேடினாள்.

சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர் பிரேக் பிடித்து இறங்கினார். முன்பு நஸ்ரியோடு ஒரே வள்ளத்தில் போனவர். பிறகு மூதூர்ப் பக்கம் குடியேறிவிட்டவர்.

"நஸ்ரியா இது? அல்லாவே, நீ மவுத்தாப் போயிட்டாய் எண்டல்லவா எனக்குச் சொன்னாங்க."

"அரைவாசிதான் போனது காக்கா. மிச்சம் இஞ்ச கிடக்கு" என்றான் நஸ்ரி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் குந்தினார். இந்த வருடத்து நீரோட்டத்தைப் பற்றியும், கடலுக்கடியில் எந்தப் பாரில் சங்கு கிடக்கிறதென்பதைப் பற்றியும் கதைத்தார்கள். நஸ்ரியின் குரலை அவ்வளவு உரத்து றஹ்மா கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவள் துணியைத் தேடுவதை விட்டுவிட்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறியதும் இன்னொன்று தெரிந்தது. நஸ்ரியின் நெற்றி வியர்த்து முகம் சிவந்திருந்தது. ஆனால் நகர்த்துங்கள் என்று சொல்ல அவன் வெட்கப்பட்டான். தர்சிகாதான் கவனித்துக் குடையைப் பிடித்தாள்.

"அண்ணா, வெயில் கூடினால் சொல்லோணும் நீங்கள்."

"ஒவ்வொருக்காவும் ஆரையும் கூப்புடுறதா தங்கச்சி? வெயில் வேணுமெண்டா நானே எடுக்கணும். வேணாமெண்டா நானே விடணும். அப்படி ஒரு யன்னல் போட ஏலுமா?"

தர்சிகா பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஏலும். படுத்தபடி கைக்கு எட்டுற மாதிரி யன்னலைத் தாழ வைப்பம். பலகையைக் கப்பியில கயிறு போட்டு இழுக்கலாம்."

அங்கேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தே புதுப்படம் கீறப்பட்டது. சுவர்கள் எல்லாவற்றுக்கும் முதலில் கட்டிலின் இடம் வந்தது. தலைமாடு வடக்கே; அப்படியென்றால் வலப்பக்கம் ஒருக்களித்தால் மேற்கே கிப்லாவைப் பார்த்துத் தொழலாம், இடப்பக்கம் காலை வெயில் வரும். யன்னலுக்கு வெளியே ஒரு சின்ன முற்றம். முற்றத்துக்கும் தெருவுக்கும் நடுவே ஆள் உயர மதில். வெயில் அதற்கு மேலால் வரும், பார்வை வராது. மாடிவீட்டுக்காரர்களின் கண்ணை விறாந்தையின் கூரை மறைத்துவிடும். அறைக்கு மூன்று கதவுகள். ஒன்று குளியலறையையும் குசினியையும் ஒட்டிய நடைக்கு. கழுவவும் உடுப்பு மாற்றவும் றஹ்மா அதனால் வந்து போவாள், ஹோலில் யார் இருந்தாலும் தெரியாது. ஒன்று ஹோலுக்கு, அதைத் திறந்தால் கதவுப் பலகையே கட்டிலை மறைக்கும்படி கீல் வைக்கவேண்டும். மூன்றாவது கதவு முன் விறாந்தைக்கு. வீல்செயார் போகிற அகலம், படியில்லை. அவனுக்கு விருப்பமான நேரம் ஆட்கள் நடுவே வரலாம், விருப்பமில்லாதபோது சாத்திக்கொள்ளலாம்.

"அறைக்கு மூண்டு கதவு ஆரும் போடமாட்டினம்" என்று தர்சிகா சொன்னாள். சொல்லிவிட்டு மூன்றையும் கீறினாள்.

ஹஸ்மிக்கு இது பிடிக்கவில்லை. தங்கையின் மேல் பாசமுள்ளவன். கல்லும் மணலும் ஏற்றி வந்து பறித்துத் தருவதாகப் பொறுப்பெடுத்தவனும் அவன்தான். ஆனாலும் படத்தைப் பார்த்ததும் றஹ்மாவைக் குசினிக்குக் கூப்பிட்டுச் சொன்னான்.

"முன்மூலையிலயா நோயாளியக் கொண்டு வைக்கிற? வீட்டுட முகம் அது. நாளைக்கு மின்ஹாவப் பாக்கிறதுக்கு ஆக்கள் வந்தா முதல்ல கண்ணுல படுறது என்ன? யோசிச்சியா?"

"யோசிச்சன் காக்கா."

"யோசிச்சுமா?"

"வாறவங்க முதல்ல அவளுட வாப்பாவத்தானே பாக்கணும்."

ஹஸ்மி கோபத்தோடு வெளியே போய்விட்டான். சில நாள் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு ஒரு காலையில் வளவில் ஒரு லொறி மணல் பறித்திருந்தது. யார் அனுப்பியது என்று அவள் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை.

சுவர் யன்னல் மட்டத்துக்கு மேலே வந்தபோது பணநெருக்கடியில் நாடு முழுக்கச் சீமெந்து இல்லாமற் போனது. மேசன் றுமைஸ் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறு வேலை தேடிப் போனார். கூரையில்லாத சுவர்கள் ஒரு மாரி முழுக்க நனைந்தன. றஹ்மா சில பின்னேரங்களில் தனியே போய், யன்னலுக்கென்று விட்டிருந்த ஓட்டைக்கு முன்னால் நின்று பார்ப்பாள். அறைக்குள் புல் முளைத்திருந்தது. நஸ்ரியின் படுக்கைப்புண் அந்த வருடம் எலும்பு தெரிகிற ஆழத்துக்குப் போனது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். "வீடு முடியுமோ, நான் முடிவனோ" என்று அவன் ஒருநாள் சொன்னதற்கு அவள் அவனோடு அன்று முழுக்கக் கதைக்கவில்லை.

வேலை மறுபடி தொடங்கி, தகரக்கூரை போட்டு, பூச்சுப் பூசாத சுவர்களோடு அவர்கள் குடிபோனார்கள். முதல் காலையில் றஹ்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கப்பி உருளுகிற சத்தம் கேட்டது. நஸ்ரி யன்னற் பலகையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் போய்ப் பார்க்கவில்லை. துருவலைக் கைவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். பலகை ஏறியது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பாதி இறங்கியது.

அந்த வீட்டில் நஸ்ரி ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூட இருந்தான். காலையில் நடைக்கதவால் வந்து அவள் அவனைக் கழுவி, புண்ணுக்கு மருந்து வைத்து, சேர்ட் போட்டுவிடுவாள். அதுவரை மற்ற இரண்டு கதவுகளும் பூட்டியிருக்கும். அப்புறம் யன்னலால் வருகிற முற்றத்து வெயிலில் முதுகு காய்வான். தோலுக்குப் பழைய கறுப்பு கொஞ்சம் திரும்பியது. பதினொரு மணிபோல வீல்செயாரில் விறாந்தைக்கு வந்துவிட்டால் கடலுக்குப் போய்வந்தவர்கள் யாராவது வருவார்கள். மின்ஹா பள்ளிக்கூடத்தால் வருவதைத் தெருமுனையிலேயே கண்டு, உள்ளே குரல் கொடுப்பான்: "மகள் வாறா, சோத்தப் போடுங்க." சில நாட்களில் விறாந்தைக் கதவைத் திறக்கவே மாட்டான். யாராவது வந்து கேட்டால் "அவர் இண்டைக்கு வெளிய வரல்ல" என்று றஹ்மா சொல்வாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அப்படிச் சொல்ல முடிந்ததே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கடைக்குப் போனவர், தொழப் பள்ளிக்குப் போனவர் என்று மற்றப் பெண்கள் தங்கள் கணவன்மாரைப் பற்றிச் சொல்வதுபோல் அதுவும் ஒரு சாதாரணப் பேச்சாகிவிட்டது.

சிறுநீரகத்தில் கிருமி போனதுதான் கடைசியில் அவனை எடுத்தது. காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே நினைவு தப்பியது. விடிகிற நேரம் ஆஸ்பத்திரியில் மவுத்தாகி, காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நஸ்ரியின் ஜனாஸாவைக் குளிப்பாட்ட இடம் பார்க்க வந்த பள்ளிவாசல்காரர் வழக்கம்போல மறைப்புக்குச் சேலைகள் கேட்டார். ஹஸ்மி அவரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சின்ன முற்றத்துக்குப் போனான். அவர் மதிலையும் விறாந்தைக் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"சேலை தேவையில்ல" என்றார்.

ஹஸ்மியும் இன்னும் இரண்டு பேரும் அவனை அங்கே கிடத்திக் குளிப்பாட்டினார்கள். தெருவில் ஊரே நின்றது. ஒரு கண்ணும் உள்ளே வரவில்லை. றஹ்மா அறைக்குள் யன்னற் பலகையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. இத்தனை வருடமும் அவளுடைய கை செய்த வேலை அது. முடிந்து உள்ளே வந்த ஹஸ்மியின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவன் தங்கையின் முன்னால் வந்து நின்றான். அவளுடைய தலையில் கைவைத்துத் தடவிவிட்டுப் போனான். பிறகு வெள்ளைத் துணியால் கபனிட்டு, திறந்து வைத்த முகத்தை அவளும் மின்ஹாவும் உம்மாவும் பார்த்தார்கள். நடுப்பகல் லுஹர்த் தொழுகைக்கு முன்னே அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோனார்கள்.

கணவனை இழந்த பெண் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவை றஹ்மா அந்த அறையிலேயே இருந்தாள். பார்க்க வந்த பெண்கள், மூடிய அறைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நுழைகிற பழக்கத்தில் வந்து, வாசலில் ஒரு கணம் தயங்கினார்கள். அறை வெளிச்சமாக இருந்தது. அது பொருத்தமா என்று சிலருக்குச் சந்தேகம். வயதான மாமி ஒருத்தி பலகையை இறக்கச் சொன்னார்.

"வெளியால ஒருத்தருக்கும் தெரியாது மாமி. வெயில் மட்டுந்தான் வரும்" என்றாள் றஹ்மா.

மாமி எழுந்து போய் யன்னலால் எட்டிப் பார்த்தார். மதிலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "எங்கட புருசன்மார்ட மவுத்துல நாங்க இருட்டுக்குள்ளதான் மகள் இருந்தம்" என்றார். அதைக் குறையாகச் சொன்னாரா, ஏக்கமாகச் சொன்னாரா என்று றஹ்மாவுக்குப் புரியவில்லை.

அந்த மாதங்களில் அவள் அழுததெல்லாம் காலையில்தான். வெயில் கட்டிலின் விளிம்புக்கு வருகிற நேரம் பார்த்துக் கை தானாகத் துவாயையும் மருந்துப் போத்தலையும் தேடும். மின்ஹா பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், "உம்மா, வாப்பாட கட்டில ஆருக்கும் குடுக்க வேணாம்" என்றாள். "குடுக்கல்ல மகள்" என்றாள் றஹ்மா. கட்டில் அங்கேயே கிடந்தது.

இத்தா முடிந்த பிறகு தையல் மெசினைக் கட்டிலுக்கு எதிரே கொண்டுவந்து போட்டாள். பிழைக்க வேண்டுமே. தெருவோர மூலை, சுவரை உடைத்தால் கடைக்கு நல்ல இடம், வாடகைக்கு விடலாம் என்று ஹஸ்மி ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவள் பேசாமல் இருந்ததைக் கண்டு மறுபடி அந்தக் கதையை எடுக்கவில்லை. அளவு கொடுக்க வருகிற பெண்கள் விறாந்தைக் கதவால் நேரே உள்ளே வருவார்கள். வந்ததும் யாரும் சொல்லாமலே அபாயாவைக் கழற்றி மடித்துக் கட்டிலில் வைப்பார்கள்.

வாடைக்காற்று வீசிய தையில் தர்சிகா வந்தாள். நஸ்ரி காலமானது அவளுக்குப் பிந்தித்தான் தெரிந்திருந்தது. மழைக்கோட்டைக் கழற்றி விறாந்தையில் தொங்கவிட்டுவிட்டு அறைக்குள் வந்தவள், கட்டிலைப் பார்த்து நின்றாள்.

"அண்ணா எவ்வளவு காலம் இருந்தவர் இந்த அறையில?"

"ஒரு வருசத்துக்கு மேல."

"அவருக்குச் சரியா இருந்ததோ அக்கா?"

றஹ்மா மெசினிலிருந்து கையை எடுத்தாள். அவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல ஏலாது. கால் வரவில்லை, வலி போகவில்லை, சில காலைகளில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "பலகைய இறக்குங்க, ஒண்டும் வேணாம்" என்று சொன்னதும் உண்டு.

"அவர்ட இடமா இருந்திச்சு" என்றாள். "அது அவருக்குத் தெரியும்."

தர்சிகா தலையாட்டினாள். இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை சரிந்து அடித்தது. யன்னலின் கீழ்க்கட்டையால் தண்ணீர் உள்ளே வழிந்து நிலத்தில் ஓடத் தொடங்கியது. றஹ்மா எழுந்து பழைய துணியொன்றை எடுத்துக் கட்டையில் வைத்து அழுத்தினாள்.

"ஒவ்வொரு மாரிக்கும் இப்படித்தானோ?" என்று தர்சிகா கேட்டாள்.

"ஓம். வாடை நேரே அடிக்குது. கூரைய ஒரு முழம் வெளிய இழுத்திருந்தா வராது. அப்ப வெயிலப் பத்தித்தானே யோசிச்சம், மழைய ஒருத்தரும் நினைக்கல்ல."

தர்சிகா யன்னலருகே போய் நின்று கூரையின் விளிம்பை அண்ணாந்து பார்த்தாள். "அது என்ர பிழை அக்கா. நான் யோசிச்சிருக்கோணும். வெயில் குறையாமல் யன்னலுக்கு மேல ஒரு சின்ன இறக்கம் போடலாம். மழை விட்டதும் அளந்து பாக்கிறன்."

"அவசரமில்ல. குடிச்சு முடிங்க, ஆறுது" என்றாள் றஹ்மா. துணி நனைந்ததும் அதை எடுத்து முற்றத்துப் பக்கம் பிழிந்துவிட்டு, மறுபடி கட்டையில் விரித்தாள்.